‘தூரமா சார்?’ என்று மட்டும் கேட்டேன்

அன்று ஞாயிற்றுக்கிழமை. விடிந்தும் விடியாத நேரம். காரைக்குடியில் நாங்கள் வழக்கமாகக் கூடும் டீக்கடையில் அப்போதுதான் பால் பொங்கியிருந்தது. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, கண்ணாடி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துச் சூடு ஏற்றிக்கொண்டு நின்றேன். மற்றவர்கள் யாரும் வந்து சேரவில்லை.

சேவியர் சார் மட்டும் வந்தார். கிளிப்பச்சைச் சட்டை, தலையில் ஹெல்மெட், விரல் நுனி வெட்டிய கையுறை. சைக்கிளைவிட்டு இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார்.

“டீ சொல்லவா சார்?”

“வேணாம் பிரஸ்காரரே. நான் மெதுவா முன்னால போறேன். நீங்கள்லாம் எப்படியும் என்னையப் பிடிச்சிருவீக.”

‘எங்க சார், எந்த ரோடு?’ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. டீயோடு சேர்த்து விழுங்கினேன்.

“தூரமா சார்?” என்று மட்டும் கேட்டேன்.

“இந்தா, கொஞ்சம் தூரந்தான்” என்று சிரித்தார். பரீட்சைத் தாளைத் திருத்தி முடித்துவிட்டு மார்க்கைச் சொல்லாமல் வைத்திருக்கும் வாத்தியார் சிரிப்பு. பெடலை மிதித்தார். பின் சக்கரத்தின் ‘டிக்டிக்’ சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது, பிறகு இல்லை.

நான் மட்டும் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் இந்த வாரம் உங்களுக்கு எழுத வேறு எதையாவது தேடிக்கொண்டிருப்பேன்.

வாசலில் கேட்கக்கூடாத கேள்வி

கிளம்புகிறவரைப் பார்த்து ‘எங்கே’ என்று கேட்கக்கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது. எங்கள் பக்கத்தில் இது குழந்தைக்கும் தெரியும். கேட்டே ஆக வேண்டும் என்றால் ‘தூரமா?’ என்று கேட்கலாம். சொல்ல விருப்பமிருந்தால் அவராக ஊர்ப்பெயரைச் சொல்வார். இல்லாவிட்டால் ‘இந்தா, இங்குட்டுத்தான்’ என்பார். அதற்கு மேல் தோண்டுவது மரியாதை இல்லை.

என் அச்சகத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்த ஒருவர் சொன்னார். பெண் பார்க்கப் புறப்பட்டு பஸ்ஸில் ஏறிய பிறகு, பக்கத்து இருக்கைக்காரர் ‘எங்குட்டுண்ணே போறீக?’ என்று கேட்டுவிட்டாராம். மனிதர் அடுத்த நிறுத்தத்தில் குடும்பத்தோடு இறங்கி, வீட்டுக்குத் திரும்பி வந்து, ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு மறு பஸ்ஸில் போயிருக்கிறார். ‘பொண்ணு அமைஞ்சிருச்சுல்ல!’ என்று என்னிடமே மல்லுக்கு நின்றார். அவர் கையில் இருந்தது கல்யாணப் பத்திரிகை. நான் என்னத்தைச் சொல்ல?

சேவியர் சார் வீட்டில் கிறிஸ்தவர்கள்; எங்கள் பக்கத்தில் வேதக்காரர்கள் என்போம். அங்கேயும் இதே சட்டம்தான். அவர் மனைவி பிலோமினா டீச்சரிடம் ஒருமுறை வம்புக்குக் கேட்டேன்: “நீங்களுமா டீச்சர் சகுனம் பாக்குறீக?”

“சாமியார் வருசம் தவறாமப் பிரசங்கத்துல சொல்றாருண்ணே, சகுனம் பாக்காதீகன்னு. நானும் தலையை ஆட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா அவரு கெளம்பி வாசல்ல செருப்பை மாட்டுறப்ப, இந்த வாய் தெறக்க மாட்டேங்குதே!”

டவுசர் கோஷ்டி

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் ஐந்து பேர். ஞாயிறு தோறும் சைக்கிளில் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் போய்வருகிறவர்கள். ஊரில் எங்களுக்கு வைத்த பெயர் டவுசர் கோஷ்டி. நாங்கள் போடும் கால்சட்டையில், உட்காருமிடத்தில் மெத்தை வைத்துத் தைத்திருக்கும். மாவு மில் வைத்திருக்கும் சேவுகன் அதை முதன்முதலில் கொடியில் காயப்போட்ட அன்று அவன் மனைவி, “இதென்னங்க, இந்த வயசுல அடக்க முடியாமப் போச்சா?” என்று கேட்டதாக அவனே சொல்லிச் சிரிப்பான்.

எனக்கு டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தால் கடன்காரன் மாதிரி நாய் பின்னாலேயே வந்தது. சைக்கிளுக்கு மாறினேன். சேவுகன் வயிற்றைக் குறைக்க வந்தான். சேவியர் சார் மட்டும்தான் ஆசைப்பட்டு வந்தவர். நாற்பது வருஷம் கணக்கு வாத்தியார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் ஆல்பர்ட், சாரின் பணிநிறைவுக்குப் பிறகு வாங்கித் தந்த சைக்கிள் அவருடையது. ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம். டயர் நம் கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். அதைத் துடைப்பதற்கென்றே மனிதர் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து வைத்திருந்தார்.

அவருக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரையெல்லாம் தாண்டி ஊசிக்குப் போய்விட்டார். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். கை நடுங்கும், வாய் குழறும், அப்புறம் ஆள் சாய்ந்துவிடுவார். அதனால் டீச்சர் ஞாயிறு தோறும் அவர் சட்டையின் முதுகுப் பையில் இரண்டு கடலை மிட்டாயைக் காகிதத்தில் சுற்றி வைத்து அனுப்புவார்.

“இது மிட்டாய் இல்லண்ணே, எங்க வீட்டு இன்சூரன்சு” என்பார்.

எங்கள் கூட்டத்துக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. யார் வீட்டிலிருந்து யாருக்குப் போன் வந்தாலும் ‘இந்தா, கூடத்தான் இருக்காரு’ என்று சொல்லிவிட வேண்டும். சேவுகன் பாதி வழியில் புரோட்டாக் கடைக்குள் ஒதுங்கியிருந்தாலும், ‘முன்னாடி மிதிச்சுக்கிட்டு இருக்கான்’ என்போம். இப்படிச் சொல்லிச் சொல்லி எங்களுக்கு நாக்கு பழகியிருந்தது.

ஏழு மணிப் போன்

அன்றைக்கு டீக்கடைக்கு வந்து சேர்ந்தது சேவுகன் மட்டும்தான். மற்ற இருவருக்கும் ஊரில் விசேஷம். நாங்கள் இருவரும் குன்றக்குடி ரோட்டில் மிதித்தோம். மழைக்காலம் முடிந்து கண்மாயில் தண்ணீர் நிறைந்து கிடந்தது. கரை மேட்டில் ஏறும்போது எதிர்க்காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. ஒவ்வொரு வளைவிலும் கிளிப்பச்சைச் சட்டை தெரியும் என்று பார்த்துக்கொண்டே போனேன். தெரியவில்லை.

“சாரு இன்னைக்கு ராக்கெட்டா இருக்காருண்ணே” என்றான் சேவுகன்.

பிள்ளையார்பட்டியில் நிறுத்தினோம். வழக்கமாக அவர் அங்கேதான் எங்களுக்காகக் காத்திருப்பார். ஆளில்லை. டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தபோது என் போன் அடித்தது. பிலோமினா டீச்சர்.

“அண்ணே, பூசைக்குக் கெளம்பிக்கிட்டு இருக்கேன். சாரு உங்ககூடத்தான இருக்காரு?”

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை. யோசித்துச் சொன்ன பொய்யாக இருந்தாலும் ஒரு கணக்கில் சேர்க்கலாம்.

“இந்தா, இருக்காரும்மா. அங்குட்டு மொகம் கழுவிக்கிட்டு இருக்காரு.”

“சரிண்ணே, சரிண்ணே. நேரமாச்சு, மணி அடிச்சிருவாக” என்று வைத்துவிட்டார். குரலில் அப்படி ஒரு நிம்மதி.

சேவுகன் டம்ளருக்கு மேலாக என்னைப் பார்த்தான். “எங்கண்ணே மொகம் கழுவுறாரு?” என்றான். நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். பிறகு சாருக்குப் போன் போட்டேன். முழு ரிங்கும் போனது, எடுக்கவில்லை. ‘மிதிச்சுக்கிட்டு இருப்பாரு’ என்று சொல்லிக்கொண்டேன். வந்துவிடுவார் என்று எட்டு மணிவரை உட்கார்ந்து இன்னொரு டீ குடித்தோம். அந்த இன்னொரு டீயையும் என்னால் மறக்க முடியவில்லை.

யாரும் பார்க்கவில்லை

திரும்பி வரும் வழியில் குன்றக்குடியில் இட்லிக் கடைக்காரரிடம் விசாரித்தேன். சார் அங்கே நாலு இட்லி சாப்பிடாமல் அந்த ஊரைத் தாண்டமாட்டார்.

“பச்சைச் சட்டை வாத்தியாரா? இன்னைக்கு இந்தப் பக்கமே வரலியே” என்றார்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே.”

“என்னத்த யோசிக்க? அவரு வந்தா அவருக்குன்னு சீனி போடாம ஒரு காப்பி ஆத்துவேன். இன்னைக்கு ஆத்தல.”

இரண்டாவது முறை போன் போட்டேன். மூன்றாவது முறை. ஒவ்வொரு முறையும் கடைசி ரிங்வரை அடித்து நின்றது. அடிக்கிற போனைவிடப் பயமுறுத்துகிற சத்தம் வேறு இல்லை. அணைந்து கிடந்தாலாவது சார்ஜ் இல்லை என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம்.

சேவுகன் விளையாட்டை நிறுத்திவிட்டான். “மில்லுல பெல்ட்டு அறுந்தாக்கூட அதுக்கு முன்னால ஒரு சத்தம் குடுக்கும்ணே. மனுசந்தான் சத்தமே குடுக்க மாட்டேங்கிறான்” என்றான்.

“வாயைக் கழுவுடா.”

அப்போது என் கையில் இருந்த போன் அடித்தது. டீச்சரேதான். பூசை முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறார்.

“அண்ணே, போன அவருகிட்டக் குடுங்க. மிட்டாய் ரெண்டும் பிரிட்ஜு மேலயே கெடக்கு. நான் எடுத்து வச்சேன், அவரு பையில போட மறந்துட்டாரு. ஊசி போட்டுக்கிட்டாரு. மருந்துக் குப்பி மேசை மேல இருக்கு. ஒடனே எதையாவது சாப்பிடச் சொல்லுங்க. போன எடுக்க மாட்டேங்கிறாரு, நீங்க குடுங்க அவருகிட்ட.”

ரோட்டில் ஒரு லாரி போய் முடிகிறவரை நேரம் கிடைத்தது. அது போய்விட்டது.

“அண்ணே?”

“டீச்சர்... அவரு எங்ககூட இல்லம்மா.”

“இப்ப இல்லையா?”

“காலையிலேர்ந்தே இல்ல. முன்னால போறேன்னு போனாரு. நாங்க பாக்கவே இல்ல.”

“மொகம் கழுவுறாருன்னீக.”

“பழக்கத்துல சொல்லிட்டேன் தங்கச்சி.”

அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

“எந்த ரோட்டுல போனாருண்ணே?”

“கேக்கலம்மா.”

“நானும் கேக்கல” என்றார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் பேசியது

டீச்சர் ஆட்டோ பிடித்துக் கிளம்புவதாகச் சொன்னார். எங்கே என்று சொல்லி வரச்சொல்வது? நான் சைக்கிள் கைப்பிடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு யோசித்தேன். அவர் சிரித்த சிரிப்பு கண்ணுக்குள்ளேயே நின்றது. எதையோ ஒளித்து வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு.

மூன்று வாரம் முன்பு இதே ரோட்டில் டீ குடிக்கும்போது சார் தன் போனில் ஒரு படம் காட்டினார். ஆல்பர்ட் அனுப்பியது. ஐரோப்பாவில் ஏதோ ஒரு கிராமம். மேடும் பள்ளமுமாக அலை அலையாக நிலம், நெடுக திராட்சைத் தோட்டம், நடுவில் நாடா மாதிரி ஒரு ரோடு. அதில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு மகன் நிற்கிறான்.

“என்னையும் வாங்கங்கிறான். ரெண்டு பேரும் இந்த ரோட்டுல ஓட்டணுமாம். ஊசியை வச்சுக்கிட்டு அம்புட்டுத் தூரம் எங்க போக? நம்ம பக்கம் இப்படி இருக்கா பிரஸ்காரரே?”

“நம்ம பக்கம் மேடுன்னா அது ஸ்பீடு பிரேக்கருதான் சார்” என்று சேவுகன் சொல்ல, எல்லோரும் சிரித்தோம்.

நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், “ஏன் இல்ல?” என்றேன். கண்டரமாணிக்கம் பக்கத்தில் ஒருவர் பன்னீர் திராட்சை போட்டிருந்தார். கம்பம் பக்கம் போய்க் கற்றுக்கொண்டு வந்து, செம்மண் மேட்டில் கல்தூண் நட்டுப் பந்தல் போட்டவர். அட்டைப்பெட்டியில் ஒட்டுகிற லேபிளை என் அச்சகத்தில்தான் அடித்தார். கறுத்த திராட்சைக் கொத்தும், பக்கத்தில் ஒரு மயிலும். மயில் எதற்கு என்று கேட்டேன். “பாதியை அதுதான திங்குது, படமாவது போடுவோம்” என்றார்.

இதையெல்லாம் சாரிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “ரோடு எப்படி? ஏறி எறங்குமா?”

“ஏறி எறங்கும் சார். நாச்சியாபுரம் தாண்டி உள்ளே போகணும். குன்றக்குடிக்கு முன்னாலயே ஒரு குறுக்கு ரோடு பிரியுது.”

தலையை நிமிர்த்தினேன். “சேவுகா, திராட்சை!” என்றேன்.

அந்த ரோடு

டீச்சருக்கு வழி சொல்லிவிட்டு நாச்சியாபுரம் பக்கம் திரும்பினோம். அவ்வளவு வேகமாக நான் வாழ்நாளில் மிதித்ததில்லை. வெயில் ஏறிவிட்டது. ரோட்டோரத்து முந்திரித் தோப்பில் அடித்த காற்றுகூடச் சூடாக வந்தது. கருவேல முள் ஒன்று சேவுகனின் டயரில் ஏறி, பொசுக்கென்று காற்று இறங்கியது. “நீங்க போங்கண்ணே, நிக்காதீக!” என்று கத்தினான். அவன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி வருவது கொஞ்ச தூரம்வரை என் காதில் கேட்டது.

ஒரு பாலத்தின் கட்டையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நிறுத்திக் கேட்டேன்.

“பச்சைச் சட்டையா? இப்படிக் குல்லாய் போட்டுக்கிட்டு?” என்று ஒருவர் தலைக்கு மேல் கையை வைத்துக் காட்டினார். “போனாரு போனாரு. காலங்காத்தாலேயே நல்லா ஏத்திருப்பாரு போல. சைக்கிளைத் தள்ளிக்கிட்டு, இங்குட்டு ரெண்டு எட்டு, அங்குட்டு ரெண்டு எட்டு.”

மற்றவர் சிரித்தார். “என்ன சார், ஒடம்புக்கு முடியலயான்னு கேட்டேன். என்னமோ கொழறுனாரு. உடுப்பப் பாத்தா பெரிய மனுசன். குடிச்சிருக்கான்னு விட்டுட்டோம்.”

“எப்பண்ணே?”

“எட்டு எட்டரை இருக்கும்.”

நாற்பது வருஷத்தில் ஒரு சொட்டு வாயில் வைக்காத மனிதர். மாதாகோயில் விருந்தில்கூட ஒயினைத் தொடாமல் தண்ணீர் டம்ளரைத் தூக்கிக் காட்டிவிட்டு வருகிறவர். அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று வாய் துடித்தது. சொல்ல நேரமில்லை. அவர்களைச் சொல்வதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்றும் தோன்றியது. அவர்களாவது என்ன ஏது என்று கேட்டிருக்கிறார்கள்.

ரோடு ஒரு பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறியது. ஏறி நின்று பார்த்தால், இரண்டு பக்கமும் கல்தூண் வரிசை. தூணுக்குத் தூண் கம்பி. நிலம் இறங்கும் இடத்தில் தூண்களும் இறங்கி, ஏறும் இடத்தில் ஏறி, ஆல்பர்ட் அனுப்பிய படம் மாதிரியேதான் இருந்தது. ஒன்று மட்டும் இல்லை. பச்சை இல்லை. கொடியை வெட்டிக் கவாத்து பண்ணி முடித்த பந்தல். ஓர் இலை கிடையாது, ஒரு காய் கிடையாது. கம்பி நெடுகக் காய்ந்த கயிறு மாதிரிக் கொடிகள் படர்ந்து கிடந்தன.

இதைப் பார்க்கவா மனிதர் வந்தார்! பசியில் பறித்துத் தின்ன ஒரு பழம்கூட இல்லை.

மேட்டுக்கு அந்தப் பக்கம் ரோட்டோரப் பள்ளத்தில் சைக்கிள் கிடந்தது. முன் சக்கரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. ஆள் இல்லை.

“சார்!” என்று கத்தினேன். சீட்டுக்குக் கீழே தொங்கும் சின்னப் பையிலிருந்து போன் அடித்தது. ஜிப்பை இழுத்துத் திறந்தேன். திரையில் ‘பிலோ’ என்று இருந்தது.

எடுத்தேன்.

“ஏங்க!” என்றார் டீச்சர். அந்த ஒரு சொல்லில் அத்தனையும் இருந்தது. அழுகை, கோபம், போன உயிர் திரும்பி வந்தது, எல்லாம்.

“நான்தாம்மா” என்றேன்.

தூண் வரிசைக்கு நடுவில் கண்ணை ஓட்டினேன்.

“சைக்கிள் இருக்கு. ஆளைப் பாக்குறேன். வைக்காதீக, லைன்லயே இருங்க.”

வள்ளியின் வெல்லத் தண்ணீர்

போனைக் காதில் வைத்தபடியே பந்தலுக்குள் ஓடினேன். சைக்கிள் ஓட்டுகிற செருப்பு உழவு மண்ணில் ஓடத் தோதுப்படாது. இரண்டு இடத்தில் விழுந்தேன். தோட்டத்துக் கோடியில் மோட்டார் அறை தெரிந்தது. அதன் நிழலில் சாக்கு விரித்து, கிளிப்பச்சைச் சட்டை படுத்திருந்தது.

பக்கத்தில் ஒரு பெண் குந்தியிருந்தாள். கையில் செம்பு.

“வாங்க, வாங்க. ஒங்க ஆளா? கண்ணு முழிச்சுட்டாரு, பயப்படாதீக!” என்று அவள்தான் முதலில் கத்தினாள்.

சார் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. “பிரஸ்காரரே” என்றார். அவ்வளவு தெளிவாக என் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்று தோன்றியது. போனை அவர் வாயருகே பிடித்தேன். “பிலோ” என்றார். அப்புறம்தான் அந்தப் பக்கத்தில் அழுகைச் சத்தம் கேட்டது. மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பெண் பெயர் வள்ளி. தோட்டத்தில் வேலை பார்க்கிறவள். கொஞ்சம் ஆசுவாசமானதும் அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்.

“கவாத்துக் குச்சியப் பெறக்கிக்கிட்டு இருந்தேன். இவரு தூணைத் தூணைப் பிடிச்சுக்கிட்டு வந்தாரு. குடிகாரப் பய எவனோ உள்ள பூந்துட்டான்னு வெளக்குமாத்தத்தான் எடுத்தேன், பொய் சொல்லல. வந்து விழுந்துட்டாரு. பேரு என்னன்னு கேட்டா பதினேழாம் வாய்ப்பாடு சொல்றாரு! பக்கத்துல போயி மோந்து பாத்தேன். வாடை இல்ல. தொட்டா ஐஸு மாதிரி வேர்வை. எங்க வீட்டுக்காரருக்கும் சர்க்கரைதான். ரெண்டு தடவ இப்படிப் பாத்திருக்கேன். சட்டுனு புரிஞ்சுபோச்சு.”

“என்ன குடுத்தீக?”

மோட்டார் அறை மூலையில் இருந்த நீல டிரம்மைக் கையால் காட்டினாள். செடிகளுக்கு ஊற்ற ஜீவாமிர்தம் கரைக்கிற டிரம். சாணமும் கோமியமும் வெல்லமும் போட்டுப் புளிக்க வைப்பது.

நான் திடுக்கிட்டதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். “அய்ய, அதையா குடுப்பேன்? அதுக்குன்னு வாங்கி வச்ச கறுத்த வெல்லம் இருந்துச்சு. ஒரு கட்டியத் தட்டி, நல்ல தண்ணியில கரைச்சு, கொஞ்சங் கொஞ்சமா வாயில ஊத்துனேன். எறும்பு ரெண்டு போயிருக்கும். அது ஒண்ணுஞ் செய்யாது.”

சார் படுத்தபடியே, “பதினேழாம் வாய்ப்பாடு சரியாச் சொன்னேனா?” என்று கேட்டார்.

“எனக்கு என்ன தெரியும் சாமி? நிறுத்தாமச் சொன்னீக” என்றாள் வள்ளி.

சேவுகன் சைக்கிளைத் தோளில் சுமந்தபடி வந்து சேர்ந்தான். சாரைப் பார்த்தான். சைக்கிளை இறக்கி வைத்துவிட்டு, மோட்டார் தொட்டியில் தலையை முக்கிக்கொண்டு வெகுநேரம் நிமிரவில்லை. தண்ணீருக்குள் அழுதானோ என்னவோ, நான் கேட்கவில்லை.

டீச்சர் சொன்னது

ஆட்டோ வந்தது. பூசைக்குக் கட்டிய பட்டுக்கரைச் சேலையோடு டீச்சர் இறங்கினார். கையில் தூக்குப் பாத்திரம். ஓடி வரவில்லை. பந்தல் தூண்களுக்கு நடுவில் வேகமாக, ஆனால் நடந்துதான் வந்தார். சாரின் விரலைப் பிடித்து, சின்ன மெஷினில் குத்திப் பார்த்தார். எண்ணைப் பார்த்ததும் அவர் தோள் இரண்டும் கீழே இறங்கியது. அதுவரை தோளைத் தூக்கிக்கொண்டே இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வள்ளியின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “எம்புட்டு நேரமாம்மா இங்க கெடக்காரு?”

“ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கும்மா. யாருக்காச்சும் சொல்லலாம்னா, இவரு வாயில வாய்ப்பாடு தவிர ஒண்ணும் வரல.”

“ஒரு மணி நேரம்” என்று டீச்சர் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

தூக்கைத் திறந்து சாருக்கு இட்லியைப் பிட்டுக் கொடுத்தார். மகன் அனுப்பிய படத்தைப் பற்றியும், பந்தலைப் பற்றியும் சார் ஏதோ சொல்ல வந்தார். “பேசாமச் சாப்பிடுங்க” என்றார். பிறகு மூடியில் இரண்டு இட்லியை வைத்துச் சேவுகனிடம் கொடுத்தார். இன்னும் இரண்டை ஒரு காகிதத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“சாப்பிடுங்கண்ணே. நீங்களும் வெறும் வயிறாத்தான் இருப்பீக.”

“டீச்சர், நான்...”

“இருக்கட்டும்ணே” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. பக்கத்து வீட்டில் நடந்ததைச் சொல்வது மாதிரித்தான் சொன்னார். “எல்லா ஞாயித்துக்கெழமையும் பூசையில அவருக்காக வேண்டிக்கிருவேன். ரோட்டுல ஒண்ணும் ஆயிரக்கூடாது, நல்லபடியா வந்து சேரணும்னு. இன்னைக்கு வேண்டலண்ணே. அதான் நீங்க சொல்லிட்டீகளே, கூடத்தான் இருக்காருன்னு. நல்லா இருக்காருன்னு நன்றி மட்டும் சொல்லிட்டு வந்தேன்.”

சொல்லிவிட்டு இட்லியை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

இது நடந்து கொஞ்ச காலம் ஆகிவிட்டது. சார் இப்போதும் எங்களோடு வருகிறார். முன்னால் போவதில்லை, எங்கள் இருவருக்கும் நடுவில்தான் ஓட்டுகிறார். டீச்சர் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறார். வீட்டுக்குப் போனால் காப்பி உண்டு, பேச்சு உண்டு, சிரிப்பும் உண்டு. ஒன்றிலும் குறைவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அடிப்பது சேவுகனின் போன்தான்.